அரிதென்பது நியாயமாகுமா? – வாசா பிரீவியாவும் தேடாத மருத்துவமும்

மருத்துவத்தின் இயலாமை இருவகைப்படும். நோயின் இயல்பு தெரியாமையால் விளைவது ஒன்று. தெரிந்தும் தேடாமையால் விளைவது மற்றொன்று. முன்னையதற்காக மருத்துவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. பின்னையதோ இயலாமை என்ற பெயருக்கே உரியதன்று. அது ஒழுங்கமைப்பின் தவறு. வாசா பிரீவியா என்னும் நிலையினாற் பிரசவ வேளையில் நிகழும் சிசு மரணங்களிற் பெரும்பாலானவை இன்று இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பதையும், அவற்றுக்குச் சமாதானமாகக் கூறப்படும் "இது மிக அரிதான நிலை" என்னும் வாதம் விஞ்ஞான வாதமாகாது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசா பிரீவியா என்னும் இலத்தீன் தொடர் "வழியின் முன்னே கிடக்கும் கலன்கள்" எனப் பொருள்படும். சாதாரண கர்ப்பத்திற் சிசுவின் கொப்பூழிலிருந்து புறப்படும் கொப்பூழ்க்கொடி, நச்சுக்கொடி என மக்கள் வழங்கும் சூல்வித்தகத்தின் மீது நேரடியாக இணைகின்றது. கொடியினுள் ஓடும் இரண்டு நாடிகளையும் ஒரு நாளத்தையும் தடித்த களி போன்ற ஒரு பொருள் சூழ்ந்து காக்கின்றது. ஆயின் சில கர்ப்பங்களிற் கொடியானது சூல்வித்தகத்தை அடையுமுன்னரே பனிக்குட மென்சவ்வில் இணைந்துவிடுகின்றது. அவ்விடத்திலிருந்து சூல்வித்தகம் வரை குருதிக்கலன்கள் எவ்விதக் காப்புமின்றி மென்சவ்வினூடாகவே செல்கின்றன. வேறு சில கர்ப்பங்களிற் சூல்வித்தகம் இரு பகுதிகளாகப் பிரிந்திருக்க, அவற்றைத் தொடுக்கும் கலன்கள் அதே வகையிற் காப்பின்றி ஓடுகின்றன. இவ்வாறான கலன்கள் கருப்பைக் கழுத்தின் உள்வாய்க்கு மேலாகவோ அதற்கு அண்மையிலோ, சிசுவின் தலைக்குக் கீழாகக் கிடக்குமாயின் அதுவே வாசா பிரீவியா ஆகும்.

இந்நிலையினால் தாய்க்கு வலியில்லை, காய்ச்சலில்லை, எவ்விதக் குறியும் இருப்பதில்லை. சிசுவும் கருப்பையினுள் நன்கு வளர்ந்து கொண்டேயிருக்கும். இடர் வருவது பனிக்குடம் உடையும் கணத்திலேதான். மென்சவ்வு கிழியும்போது அதனோடு ஒட்டியோடும் கலனும் கிழியக்கூடும். அப்போது வெளியேறுவது தாயின் குருதியன்று, சிசுவின் குருதி. சிசுவின் உடலிற் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிலீற்றர் குருதியே உண்டு. மூன்று கிலோகிராம் நிறையுள்ள சிசுவின் முழுக் குருதியும் 300 மில்லிலீற்றரைத் தாண்டாது. இரண்டு தேநீர்க் கோப்பைகளில் அடங்கிவிடும். ஐந்து லீற்றருக்கு மேற்பட்ட குருதியையுடைய தாயொருத்தியிடமிருந்து 100 மில்லிலீற்றர் வெளியேறினாற் பிரசவ அறையில் எவரும் பெரிதாகக் கலங்கமாட்டார். அதே அளவு சிசுவிடமிருந்து வெளியேறின் அதன் உயிரில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது என்பதே பொருள். சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பு வீழ்ச்சியடைந்து சிசு இறக்க நேரிடுகின்றது.

இதில் மிகக் கொடிய முரண்பாடொன்றும் உண்டு. பிரசவத்தைத் துரிதப்படுத்தும் பொருட்டு மருத்துவர் அல்லது மருத்துவமாது கருவியினாற் பனிக்குடத்தை உடைப்பது வழக்கம். நன்மை கருதிச் செய்யப்படும் அச்செயலே, உள்ளே கலன் கிடப்பது அறியப்படாதவிடத்துச் சிசுவின் உயிரைப் போக்குகின்றது. செய்தவர் குற்றவாளியல்லர், அவருக்கு அறிவிக்கப்படவில்லை. கேள்வி யாதெனில், அறிவிக்கக்கூடியதாயிருந்த ஒன்று ஏன் அறிவிக்கப்படவில்லை என்பதே.

இக்கேள்வி முற்காலத்தில் எழவில்லை, எழவும் முடியாது. 1831 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் பென்கிசர் என்பார் இத்தகைய குருதிப்பெருக்கினை விரித்தெழுதினார். மருத்துவ நூல்களில் அது நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கப்பட்டு வந்தது. அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டு காலம் மகப்பேற்று மருத்துவர் இந்நிலையை அறிந்ததெல்லாம் பெரும்பாலும் பிரசவம் முடிந்து, கிழிந்த மென்சவ்வைக் கையிலெடுத்துப் பார்த்தபோதே. வெளியேறும் குருதி தாயினதா சிசுவினதா எனக் காண 1955 இல் அப்ற் என்பார் விளக்கிய சோதனை உதவியது. சோடியமைதரொட்சைட்டுக் கரைசலை இட்டதும் வளர்ந்தோரின் குருதி கபில நிறமாக மாற, சிசுவின் குருதி இளஞ்சிவப்பாகவே எஞ்சியிருக்கும் என்பது அதன் தத்துவம். ஆயினும் கலன் கிழிந்து குருதி பெருகும் வேளையிற் சோதனைக் குழாயைத் தேடுவதற்கு அவகாசமில்லை. ஆதலின் அக்காலத்து மரணங்களை முதலாம் வகை இயலாமை என ஒப்புக்கொள்ளலாம்.

நிலைமை மாறியது 1987 இல். அவ்வாண்டில் கழியொலிப் படத்தின் மூலம் பிரசவத்துக்கு முன்னரே வாசா பிரீவியா கண்டறியப்பட்டமை மருத்துவ இதழில் வெளியாயிற்று. தொடர்ந்து நிற டொப்ளர் முறையும் யோனிவழிக் கழியொலியும் பரவவே, உள்வாய்க்கு மேலாகக் கிடக்கும் கலனையும் அதனுள் ஓடும் குருதியையும் நேரிற் காணுதல் இயல்வதாயிற்று. அக்கலனின் துடிப்பைப் பதிவு செய்தால் அது தாயின் நாடித்துடிப்புடனன்றிச் சிசுவின் இதயத் துடிப்புடன் ஒத்திருக்கும். தற்செயலாக அவ்விடத்தில் வந்து படிந்த கொடிச்சுருளாயின் தாய் புரண்டு படுத்ததும் அது இடம்பெயரும். மென்சவ்வில் ஓடும் கலன் இடம்பெயராது. இவ்வளவு தெளிவாக வேறுபடுத்திக் காணக்கூடிய ஒன்றைக் காணாதிருத்தற்கு இனிக் கருவியைக் குறைகூற முடியாது.

முன்கூட்டிக் காண்பதாற் பயனென்ன எனில், அதற்கான விடை எண்களிலேயே உண்டு. 2004 இல் ஒயெலீசும் அவர்தம் சகபாடிகளும் 155 கர்ப்பங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, பிரசவத்துக்கு முன்னரே நிலை அறியப்பட்டவிடத்துச் சிசுக்களில் நூற்றுக்கு 97 பிழைத்தன. அறியப்படாதவிடத்து நூற்றுக்கு 44 மாத்திரமே பிழைத்தன. 2017 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு, நாடளாவிய முறையில் இந்நிலையுற்ற 63 பெண்களைக் கணக்கிலெடுத்தது. முன்னரே அறியப்பட்ட 58 பேரிடத்துச் சிசு மரணம் ஒன்றேனும் நிகழவில்லை. அறியப்படாத ஐவரிடத்து இரு மரணங்கள் நிகழ்ந்தன. ஒரு நோயை அறிதலுக்கும் அறியாமைக்குமிடையே இத்துணைப் பெரும் இடைவெளி மருத்துவத்திற் பல இடங்களிற் காணக்கூடியதன்று.

அறிந்தபின் செய்யவேண்டுவதும் புதுமருந்தோ பெரும் பொருட்செலவோ அன்று. கர்ப்பத்தின் நடுப்பகுதியிற் சந்தேகம் எழுந்தால் 32 ஆம் வாரமளவில் மீண்டும் யோனிவழிக் கழியொலியால் உறுதி செய்யவேண்டும். ஏனெனில் கருப்பை வளரும்போது ஐந்திலொரு பங்கு வரையானோரிற் கலன்கள் உள்வாயினின்று விலகிவிடுகின்றன. உறுதியானதும் சிசுவின் நுரையீரல் முதிர்தற்பொருட்டு ஸ்டீரொயிட் ஊசி வழங்கப்படும். குறைமாதப் பிரசவத்துக்கு ஏதுவுள்ள தாயை 30 முதல் 32 வாரமளவில் வைத்தியசாலையிற் சேர்த்துக்கொள்வது நன்று. பனிக்குடம் தானே உடையுமுன்னர், பிரித்தானிய அரச மகப்பேற்று, பெண்நோயியற் கல்லூரியின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி கூறியவாறு 34 முதல் 36 வாரத்துக்குள் சிசேரியன் சத்திரசிகிச்சை செய்யப்படும். சிசுவுக்கு ஏற்றவென எதிர்க்காரணியற்ற ஓ வகைக் குருதி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவை யாவும் மகப்பேற்று விடுதிகள் நாள்தோறும் செய்துவரும் கருமங்களே.

இங்ஙனம் நோய் தெரிந்து, கருவி இருந்து, சிகிச்சையும் கைவசமிருக்க, எல்லாக் கர்ப்பிணிகளிடத்தும் இதனைத் தேடுவதற்கான முடிவு ஏன் எடுக்கப்படவில்லை? பிரித்தானியாவில் நடந்த விவாதம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். மேற்சொன்ன 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி, பொதுமக்கள் அனைவரிடத்தும் முற்பரிசோதனை நடத்துதற்குப் போதிய சான்று இல்லை என்றது. ஆபத்து மிக்கோரிடத்து மட்டும் தேடுதல் சிசு மரணத்தைக் குறைக்கக்கூடும் என ஒப்புக்கொண்டபோதிலும், அதன் நன்மை தீமைகளின் சமநிலை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று கூறி ஒதுங்கியது. இந்நிலைப்பாட்டுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும் வாதங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குதல் தகும்.

முதலாவது, அரிதென்னும் வாதம். வாசா பிரீவியா ஏறத்தாழ 2500 பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவிற் காணப்படுவதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. ஆண்டுக்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புக்கள் நிகழும் நாடொன்றில் அவ்விகிதம் ஆண்டுக்கு இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைக் குறிக்கும். இது அரிதாயின், பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே வரும் பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவிநோய்க்காகப் பிரித்தானியா 1960களின் இறுதியிலிருந்து பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் குதிகாலிலும் குருதி எடுத்துச் சோதித்து வந்தமை எவ்வாறு நியாயமாயிற்று? அங்கே அரிதாயிருத்தல் தடையாகவில்லை. தேடினாற் காக்கலாம் என்பதே போதிய காரணமாயிற்று. ஒரே அளவுகோலை ஓரிடத்தில் நீட்டியும் மற்றோரிடத்திற் குறுக்கியும் அளப்பது விஞ்ஞானமாகாது.

அன்றியும், அரிதென்ற இவ்வெண் தானும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. தேடாத இடத்தில் நோய் கணக்கில் ஏறுவதில்லை. பிரசவத்தின் பின் சூல்வித்தகமும் மென்சவ்வும் கவனமாகப் பரிசோதிக்கப்படாவிடின், சிசுவின் மரணம் மூச்சடைப்பு என்றோ, சூல்வித்தகம் முன்கூட்டிப் பிரிந்தமை என்றோ, காரணம் அறியப்படாத சாப்பிறப்பு என்றோ பதிவேட்டில் எழுதப்பட்டுவிடும். தேடாமையாற் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி, அந்த எண்ணிக்கையையே தேடாமைக்கு நியாயமாக்குவது வட்டத்துள் ஓடும் வாதமன்றி வேறன்று. உடலுக்குப் புறத்தே கருக்கட்டல் முறையாற் கருவுற்றோரிடத்தும் இரட்டைக் கருவுற்றோரிடத்தும் இந்நிலை மிகுதியாகக் காணப்படுகின்றது. அம்முறை உலகெங்கும் பரவிவரும் இக்காலத்தில் அரிதென்ற சொல்லின் வலிமையும் நாளுக்கு நாட் குறைந்து வருகின்றது.

இரண்டாவது, தவறான முடிவுகள் பற்றிய வாதம். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நோயற்றோரில் நூற்றுக்கு ஒருவரைச் சோதனை தவறாக நோயுற்றோர் எனக் காட்டுமெனக் கொண்டால், 2500 பேரை ஆராய்கையில் உண்மையான ஒருத்திக்கு இருபத்தைந்து பேர் வீணே அஞ்ச நேரிடும். அவர்கள் யாவரும் அதனால் 35 ஆம் வாரத்திற் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்படின் நன்மையிலும் தீமையே மிகும். ஆயின் அனைவருக்கும் முதலிலேயே யோனிவழிப் பரிசோதனை செய்யவேண்டுமென எவரும் கோரவில்லை. கோரப்படுவது படிமுறையான தேடலே. வழமையான வயிற்றுவழிக் கழியொலியின்போது கொப்பூழ்க்கொடி சூல்வித்தகத்தில் எங்கே இணைகின்றது என்பதையும், சூல்வித்தகம் தாழ்ந்துள்ளதா, பிரிந்துள்ளதா என்பதையும் ஒருவர் விடாது நோக்கிப் பதிதல் முதற்படி. கொடி மென்சவ்வில் இணையும் நிலை கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றளவே உண்டு. அத்தகையோரையும் பிற ஆபத்துக் காரணிகள் உள்ளோரையும் மட்டும் யோனிவழி டொப்ளருக்கு உட்படுத்துவது இரண்டாம் படி. அங்கும் சந்தேகம் நீங்காதோரை 32 ஆம் வாரத்தில் மீண்டும் பார்ப்பது மூன்றாம் படி. மும்முறை சலித்தெடுத்தபின் எஞ்சுவோரே சத்திரசிகிச்சைக்குரியவர்.

மூன்றாவது, குறைமாதச் சிசேரியனால் விளையும் தீங்கு பற்றிய வாதம். 34 அல்லது 35 வாரத்திற் பிறக்கும் சிசு மூச்சுவிட இடர்ப்படலாம். சில நாட்கள் விசேட பராமரிப்பும் தேவைப்படலாம். இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் தராசின் மறுதட்டில் இருப்பது யாது? முன்னறியப்படாதவிடத்து ஏறத்தாழப் பாதியளவான சிசுக்களின் மரணம். தெரிந்த, அளக்கக்கூடிய, சிகிச்சை செய்யக்கூடிய இடரையும் மீளா இழப்பையும் ஒரே நிறையினவாகக் காட்டுவது நடுநிலையாகாது.

நான்காவது, சான்றின் தரம் பற்றிய வாதம். முன்னறியப்படாத கர்ப்பங்களிற் சிசு உயிருடன் பிறந்துவிடின் நிலையே கவனிக்கப்படாது போகலாம். ஆதலின் 2004 ஆம் ஆண்டு ஆய்வு மரண விகிதத்தை மிகைப்படுத்தியிருத்தல் கூடும் என்பர். இது நேர்மையான ஐயமே. ஆயின் நாடளாவிய முறையில் நடைபெற்ற அவுஸ்திரேலிய ஆய்வும் அதே திசையையே காட்டுகின்றது. இதற்கு மேலும் உறுதி வேண்டுவோர் கேட்பது, கண்டறியப்பட்ட தாய்மாரில் ஒரு பாதியினருக்குச் செய்தியைக் கூறி மறுபாதியினரைப் பிரசவ வலிக்கு விட்டுவிடும் பரிசோதனையையா? அத்தகைய ஆய்வை எந்த ஒழுக்கவியற் குழுவும் அனுமதிக்காது. நடத்தவே முடியாத ஆய்வொன்று நடைபெறவில்லை என்பதைக் காரணங்காட்டிக் கைகட்டியிருத்தல் எச்சரிக்கை ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழித்தலே ஆகும்.

ஐந்தாவது, நேரமும் ஆளணியும் போதா என்னும் வாதம். கொடியிணைவை நோக்குதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? 1998 இல் வெளியான யப்பானிய ஆய்வொன்றில் 587 கர்ப்பங்களுள் 586 இற் கொடியிணைவு நடுக்காலத்திலேயே காணப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கழியொலி மருத்துவ நிறுவனம் 2013 இல் வெளியிட்ட நெறிமுறை, இயலுமான வேளையில் அவ்விணைவைப் பதிவுசெய்யுமாறு கூறியது. சிசுவின் மூளை, இதயம், முள்ளந்தண்டு, கைகால் ஆகியவற்றையெல்லாம் அளந்து பார்க்கும் ஒருவர், அவற்றுக்கு உயிரூட்டும் கொடி எங்கே சென்று முடிகின்றது என்பதைப் பாராது கருவியை எடுத்துவிடுவதற்கு நேரமின்மை காரணமாகாது. பார்க்கும்படி பணிக்கப்படாமையே காரணம்.

இவ்வாதங்கள் அனைத்துக்கும் அடியிலே தருக்கவியலுக்கு ஒவ்வாத குறையொன்று கிடக்கின்றது. ஆபத்துக் காரணி உள்ளோரை மட்டும் தேடுவது பற்றியே ஆலோசிக்கலாம் என்கின்றனர். அக்காரணிகளுள் முதன்மையானது கொடி மென்சவ்வில் இணைந்திருத்தல். ஒவ்வொருவரிடத்தும் கொடியிணைவைப் பார்த்தாலன்றி எவரிடத்து அது பிழைத்துள்ளது என்பது எவ்வாறு தெரியவரும்? மற்றொரு காரணி, இருபதாம் வாரமளவிற் சூல்வித்தகம் தாழ்ந்திருத்தல். பெரும்பாலான தாய்மாரிடத்து அது பின்னர் மேலே சென்றுவிட்டதாகத் தெரியவரும். "இனி அச்சமில்லை" என்று தாய் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். ஆனாற் சூல்வித்தகத்தின் கீழ்ப்பகுதி அருகிய இடத்தில் அதன் கலன்கள் மென்சவ்வின் மீது எஞ்சிக் கிடக்கலாம். அச்சம் நீங்கியதாகக் கூறப்படும் அந்நாளே உள்வாயை ஒருமுறை டொப்ளரால் நோக்கவேண்டிய நாளாகும்.

பிரித்தானிய விவாதம் இலங்கை வாசகருக்கு ஏன் வேண்டும் என வினவலாம். இலங்கையின் மகப்பேற்று நிபுணர்கள் தம் பட்டப்பின் பயிற்சியின் ஒரு பகுதியைக் கடல் கடந்தே பெறுகின்றனர். அவர்களுட் பலர் சென்று திரும்பும் நாடு பிரித்தானியா. அங்கே எழுதப்படும் வழிகாட்டிகள் இங்கேயும் பாடமாகின்றன. அங்கே "சான்று போதாது" என எழுதப்பட்ட வரி இங்கே "பார்க்க வேண்டியதில்லை" என விளங்கப்படுமாயின் அதன் விலையைக் கொடுப்போர் வேறெங்கோ இருப்போரல்லர். இந்நாட்டிற் பிரசவங்கள் ஏறக்குறைய யாவுமே வைத்தியசாலைகளில் நிகழ்கின்றன. கிராமந்தோறும் கர்ப்பிணியைப் பதிவுசெய்து தொடரும் மருத்துவமாதின் சேவை பல நாடுகள் வியக்கும் ஒன்று. பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்த்தற்கு இதனினும் ஏற்ற ஒழுங்கமைப்பு எங்குண்டு? மருத்துவ பீட மாணவர் சூல்வித்தகத்தைப் பரிசோதிக்கும் முறையைப் பரீட்சைக்கென மட்டும் கற்காது, ஒவ்வொரு பிரசவத்தின் பின்னும் கொடியிணைவைக் குறித்துவைப்பாராயின் இந்நாட்டுக்குரிய எண்கள் இந்நாட்டிலேயே திரளும். அப்போது பிறர் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

மொழியினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் தமிழாக்கிய நூல்களுள் மகப்பேறு பற்றியதும் ஒன்று. தாயின் மொழியிற் சொல்லப்படாத மருத்துவம் அவளுக்கு மருத்துவமாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வாசா பிரீவியா என்ற பெயரை ஒவ்வொரு கர்ப்பிணியும் மனனஞ் செய்யவேண்டியதில்லை. "கொடி நச்சுக்கொடியில் எங்கே பொருந்தியிருக்கிறது? கருப்பை வாய்க்கு மேலே கலன் ஏதும் ஓடுகிறதா?" என்னும் இரு வினாக்களைக் கேட்க அவளுக்குத் தெரிந்திருத்தல் போதும். கேட்கப்படும் வினாவை எந்த ஒழுங்கமைப்பும் நெடுநாள் புறக்கணிக்க முடியாது.

நிறைமாதத்திற் குறைவின்றி வளர்ந்த குழந்தையை இழந்து வெறுங்கையுடன் வீடு திரும்பும் தாயிடம் "விதி" என்று ஊரார் கூறுவர். "மிக அரிதாக நிகழ்வது" என்று மருத்துவர் கூறுவார். முதலாவது கூற்றை மூடநம்பிக்கை எனப் படித்தோர் நகையாடுவதுண்டு. ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அறியக்கூடியதாயிருந்த ஒன்றைப் பாராதுவிட்டபின் கூறப்படும் இரண்டாவது கூற்று, முதலாவதன் ஆங்கில உடையன்றி வேறென்ன? அரிதென்பது ஓர் எண், அது நியாயமாகாது. நடுக்காலக் கழியொலியின் அறிக்கையிற் கொடியிணைவுக்கென ஒரு வரி கட்டாயமாகும் வரை, நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் இயற்கையைப் பொறுப்பாக்கும் உரிமை மருத்துவத்துக்கு இல்லை.